இரண்டு நாள் தன்னம்பிக்கைப் பயிற்சி: 17,110 ரூபாய்க்கு என்ன கிடைத்தது?

கட்டணம் 14,500 ரூபாய், அதற்கு மேல் 18 சதவீதம் ஜிஎஸ்டி, ஆக 17,110. அறிவியல், தொழில்நுட்பத் துறைகளில் ஒரு குழுவை நடத்துகிற பெண்களுக்கான இரண்டு நாள் தலைமைப் பயிற்சி. கோயமுத்தூர் அவினாசி ரோட்டில் ஒரு ஓட்டலில், சனி, ஞாயிறு. நடத்துகிறவர்கள் பெங்களூர்க்காரர்கள். பெயரைப் போடவில்லை, ஏனென்றால் கீழே பாராட்டும் திட்டும் கலந்துதான் வரப்போகிறது. தவிர இந்த மாதிரிப் பயிற்சி இப்போது ஊரெல்லாம் நடக்கிறது, ஸ்லைடுகூட ஏறக்குறைய ஒன்றுதான் என்று வேறு இடத்துக்குப் போய்வந்த தோழி சொன்னாள். அதனால் யாரிடம் பணம் கட்டப் போகிறீர்களோ, கட்டும் முன்பு ஒரு தடவை இதைப் படித்துவிடுங்கள்.

நான் கோயமுத்தூர் கணபதி பக்கம் ஒரு பம்ப் கம்பெனியில் மோட்டார் டிசைன் பார்க்கிறேன், 17 வருஷம் ஆகிறது. ஆறு இன்ச் போர்வெல்லுக்குள் இறங்கும் சப்மெர்சிபிள் மோட்டார்தான் என் சோலி. ஸ்டாம்பிங், வைண்டிங், ரோட்டர் என்று ஆரம்பித்து, டெஸ்ட் பெட்டில் (சோதனை மேடை) ஏற்றி ஐஎஸ் 9283 என்கிற இந்தியத் தர விதிப்படி சோதித்து அனுப்புகிற வரைக்கும். எனக்குக் கீழே 11 பேர், அதில் பெண்கள் 2 பேர். ஒரு நாள் எங்கள் சின்னவர் (முதலாளியின் மகன், இப்போது எல்லாம் அவர்தான்) கூப்பிட்டார். "மேடம், இப்படி ஒரு ட்ரெய்னிங் இருக்குதுங்க, கம்பெனியே கட்டிடும், போயிட்டு வாங்க, கான்ஃபிடன்ஸ் வரும்" என்றார். சரிங்க என்று சொல்லிவிட்டு வந்து உட்கார்ந்தவள் அரை மணி நேரம் ஒரு வேலையும் பார்க்கவில்லை. எனக்குக் கான்ஃபிடன்ஸ் இல்லை என்று இவரிடம் யார் சொன்னது? கடைசி டிரான்ஸ்பார்மருக்கும் அந்தப் பக்கம் இருக்கிற தோட்டத்தில், 415 வோல்ட் வர வேண்டிய இடத்தில் சாயங்காலம் 320தான் வரும். அந்த 320லும் ஸ்டார்ட் ஆகி இழுக்கிற மோட்டாரை நான் டிசைன் பண்ணினேன், பயந்துகொண்டு ஒன்றும் பண்ணவில்லை. ஆனால் அதே மோட்டாரை டீலர் மீட்டிங்கில் மார்க்கெட்டிங் மேனேஜர் மேடையேறி விளக்கியபோது, மூன்றாவது வரிசையில் உட்கார்ந்து கைதட்டிக்கொண்டிருந்ததும் நான்தான். "உங்க டிசைனுங்களா?" என்று ஒரு டீலர் கேட்டதற்கு "டீம் ஒர்க்குங்க" என்று வேறு சொல்லித் தொலைத்தேன். சரி, போய்த்தான் பார்ப்போமே என்று ஒத்துக்கொண்டேன்.

இடத்தைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். ஓட்டல் நல்ல ஓட்டல், கீழே பார்க்கிங் இருக்கிறது. ஏசியை ஊட்டி மாதிரி வைத்திருந்தார்கள், முதல் நாள் எல்லோரும் துப்பட்டாவையும் முந்தானையையும் இழுத்துப் போர்த்திக்கொண்டு தன்னம்பிக்கை கற்றுக்கொண்டோம். கழிப்பறை ஹாலுக்கு வெளியே பத்தடியில் இருந்தது, சுத்தமாக இருந்தது. இதை எதற்கு எழுதுகிறேன் என்று ஆண்கள் யோசிப்பார்கள். எங்கள் ஃபேக்டரியில் பெண்கள் கழிப்பறை ஆபீஸ் பில்டிங்கில் மட்டும்தான், டெஸ்ட் பெட்டிலிருந்து நல்ல நடை. டெஸ்ட் ஓடுகிற நாளில் நான் தண்ணீர் குடிப்பதில்லை. எங்கள் ஹாலில் இருந்த 28 பேரில் ஷாப் ஃப்ளோரில் வேலை பார்க்கிற ஐந்து பேரும் டீ இடைவேளையில் முதலில் பேசிக்கொண்டது இதைத்தான். பயிற்சிப் புத்தகத்தில் இது எந்தப் பக்கத்திலும் இல்லை.

சாப்பாடு முதல் நாள் மோசம். பனீர் பட்டர் மசாலா, நூடுல்ஸ், பெயருக்கு ஒரு ரசம். கொங்கு நாட்டில் உட்கார்ந்துகொண்டு இதையா சாப்பிட வேண்டும் என்று பெருந்துறையிலிருந்து வந்த கெமிக்கல் எஞ்சினியர் அக்கா நேராகப் போய் மேனேஜரிடம் கேட்டுவிட்டார், அடுத்த நாள் அரிசியும்பருப்பும் சாதம் நெய்யோடு வந்தது, தொட்டுக்கொள்ள கத்தரிக்காய், அப்பளம். மொத்தப் பயிற்சியிலும் தலைமைப் பண்புக்கு நான் பார்த்த முதல் எடுத்துக்காட்டு அதுதான் என்று எல்லோரும் சிரித்தோம்.

இனி விஷயத்துக்கு வருகிறேன். முதல் நாள் காலை முழுவதும் இம்போஸ்டர் சிண்ட்ரோம். நமக்குக் கிடைத்த இடத்துக்கு நாம் தகுதியில்லை, ஏதோ அதிர்ஷ்டத்தில் வந்துவிட்டோம், என்றைக்காவது குட்டு வெளிப்பட்டுவிடும் என்று உள்ளுக்குள் அரித்துக்கொண்டே இருப்பது. 20 கேள்விகள் உள்ள ஒரு தாளைக் கொடுத்தார்கள், ஒவ்வொன்றுக்கும் 1 முதல் 5 வரை மார்க் போட வேண்டும். எனக்கு 67 வந்தது, 60க்கு மேல் போனால் அடிக்கடி அப்படி நினைக்கிற ஆள் என்று அர்த்தமாம். பக்கத்தில் இருந்த வேளாண் ஆராய்ச்சியாளருக்கு 82. அவருடைய முகம் ரத்தப் பரிசோதனை ரிசல்ட்டைப் பார்த்த மாதிரி ஆகிவிட்டது. இதில்தான் எனக்கு முதல் மனத்தாங்கல். இந்தத் தாளை உருவாக்கியவர் பாலின் கிளான்ஸ். அவரும் சுசான் ஐம்ஸும் 1978இல் 150க்கும் மேற்பட்ட சாதனைப் பெண்களைப் பார்த்து எழுதிய கட்டுரையில்தான் இந்தப் பேச்சே ஆரம்பிக்கிறது. அதில் அவர்கள் சிண்ட்ரோம் என்று எழுதவில்லை, ஒரு நிகழ்வு, ஒரு அனுபவம் என்ற பொருளில் 'ஃபினாமினன்' என்றுதான் எழுதினார்கள். நடுவில் யாரோ அதை நோயாக்கிவிட்டார்கள். நோய் என்றால் மருந்து விற்கலாம் அல்லவா. பயிற்றுநர் அம்மா நல்லவர், குரலும் அருமை, ஆனால் 28 பெண்களை உட்கார வைத்து உங்கள் எல்லோருக்கும் இந்த வியாதி இருக்கிறது என்று காலை 10 மணிக்கு ஆரம்பித்தால், வியாதி இல்லாமல் வந்தவளுக்கும் மத்தியானத்துக்குள் வந்துவிடும்.

அப்புறம் அந்த நிற்கிற பயிற்சி. எல்லோரும் எழுந்து காலை அகட்டி, இடுப்பில் கை வைத்து இரண்டு நிமிஷம் நிற்க வேண்டும், உடம்பில் ஹார்மோன் மாறி தைரியம் வந்துவிடும். காங்கேயம் பக்கம் எங்கள் ஊர் அம்மாயிகள் எல்லாம் வயலில் ஆள் வேலை வாங்கும்போது இப்படித்தான் நிற்பார்கள், காசு கொடுத்து நான் கற்றுக்கொள்ள வேண்டியதில்லை. அது இருக்கட்டும், இது 2010இல் வெறும் 42 பேரை வைத்துச் செய்த ஆய்வு. 2015இல் இன்னொரு குழு 200 பேரை வைத்துத் திரும்பச் செய்து பார்த்தது. நின்றவர்களுக்குத் தெம்பாக இருக்கிற மாதிரி தோன்றியதே தவிர, ஹார்மோனும் மாறவில்லை, நடத்தையும் மாறவில்லை. 2016இல் அந்த முதல் ஆய்வை எழுதியவர்களில் ஒருவரான டேனா கார்னியே, இந்த விளைவு உண்மை என்று நான் நம்பவில்லை என்று வெளிப்படையாக எழுதிவிட்டார். இவ்வளவுக்கும் அப்புறம், விஞ்ஞானிகளும் எஞ்சினியர்களும் நிறைந்த ஹாலில் அதை ஸ்லைடில் போடுவதற்கும் ஒரு தைரியம் வேண்டும்தான். டெஸ்ட் பெட்டில் ஒரு மோட்டார் முதல் தடவை 78 சதவீத எஃபிஷியன்சி காட்டி, இரண்டாவது தடவை காட்டவில்லை என்றால் அந்த ரீடிங்கை நான் கேட்டலாக்கில் போட முடியுமா?

அடுத்த ஸ்லைடும் அப்படித்தான். ஆண்கள் 60 சதவீதம் தகுதி இருந்தாலே ஒரு வேலைக்கு விண்ணப்பிப்பார்கள், பெண்கள் 100 சதவீதம் இருந்தால்தான் விண்ணப்பிப்பார்கள். இதை நீங்களும் எங்கேயாவது கேட்டிருப்பீர்கள். ஹெச்பி கம்பெனியின் உள் அறிக்கை ஒன்றில் இருந்ததாக ஆளுக்கு ஆள் எடுத்துச் சொல்லிப் பரவிய எண்கள் இவை, வெளியிடப்பட்ட ஆய்வு என்று பின்னால் எதுவும் கிடையாது. 2014இல் டாரா மோர் என்பவர் ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஆண்களிடமும் பெண்களிடமும், முழுத் தகுதி இல்லாத வேலைக்கு ஏன் விண்ணப்பிக்கவில்லை என்று நேரடியாகவே கேட்டுப் பார்த்தார். அந்த வேலை எனக்குச் செய்ய வராது என்று பயந்ததால் என்று சொன்னவர்கள் பத்தில் ஒருவர் அளவுக்குத்தான், அதிலும் ஆணுக்கும் பெண்ணுக்கும் பெரிய வித்தியாசம் இல்லை. கேட்ட தகுதி இல்லாவிட்டால் எப்படியும் எடுக்க மாட்டார்கள், எதற்கு வெட்டி வேலை என்பதுதான் நிறையப் பேர் சொன்ன காரணம். அதாவது தன்மேல் நம்பிக்கை இல்லாத பிரச்சினை இல்லை அது, விளம்பரத்தில் போட்டிருப்பதை அப்படியே நம்பிவிடுகிற பிரச்சினை. இரண்டுக்கும் வைத்தியம் வேறு வேறு. இதை நான் கை தூக்கிச் சொன்னேன். பயிற்றுநர் "குட் பாயிண்ட்" என்று சொல்லி அடுத்த ஸ்லைடுக்குப் போய்விட்டார்.

முதல் நாள் மத்தியானம் சாதனைப் பெண்கள் என்று ஒரு மணி நேரம் காட்டினார்கள், பெரும்பாலும் அமெரிக்கக் கம்பெனித் தலைவிகள். அந்த ஓட்டலிலிருந்து வண்டியில் போனால் கொஞ்ச நேரத்தில் தடாகம் ரோட்டில் ஜிசிடி (அரசு தொழில்நுட்பக் கல்லூரி) வந்துவிடும். ரிசாட்-1 செயற்கைக்கோளுக்குத் திட்ட இயக்குநராக இருந்து 2012இல் விண்ணுக்கு அனுப்பிய வளர்மதி படித்த கல்லூரி. தமிழ்நாடு அரசின் முதல் அப்துல் கலாம் விருது 2015இல் அவருக்குத்தான் போனது. அவருடைய பெயர் ஸ்லைடில் இல்லை. சிஎஸ்ஐஆருக்கு (மத்திய அரசின் அறிவியல், தொழில் ஆராய்ச்சி அமைப்பு) 2022இல் முதல் பெண் தலைமை இயக்குநராக வந்த கலைச்செல்வியும் இல்லை. என் பக்கத்தில் இருந்த அந்த 82 மார்க் ஆராய்ச்சியாளர் மெதுவாக, "ஜானகி அம்மாளையாவது போட்டிருக்கலாமுங்க" என்றார். கரும்பு இனப்பெருக்க நிறுவனம் 1912லிருந்து இதே ஊரில் இருக்கிறது. மிச்சிகனில் 1931இல் முனைவர் பட்டம் வாங்கிய தாவரவியல் விஞ்ஞானி ஜானகி அம்மாள் 1934லிருந்து சில வருஷம் இங்கேதான் கரும்பையும் மக்காச்சோளத்தையும் இனக்கலப்பு செய்து பார்த்துக்கொண்டிருந்தார். கல்யாணம் செய்துகொள்ளாத பெண், அதிலும் தாழ்த்திப் பார்க்கப்பட்ட சாதி என்பதால் சக ஆண்களிடம் அவருக்குச் சிக்கல் இருந்தது என்று எழுதியிருக்கிறார்கள். லண்டனுக்குப் போனார், 1945இல் மரபியல் விஞ்ஞானி டார்லிங்டனோடு சேர்ந்து பயிர்களின் குரோமோசோம் அட்லஸ் போட்டார். தன்னம்பிக்கை இல்லாத பெண் செய்கிற காரியமா இது? அந்த அம்மாவை இடுப்பில் கை வைத்து நிற்கச் சொன்னால் கோயமுத்தூரில் நிலைமை மாறியிருக்குமா என்று நாங்கள் இருவரும் கிசுகிசுத்துக்கொண்டிருந்தோம், பின்வரிசை மாணவிகள் மாதிரி.

இவ்வளவு திட்டியாகிவிட்டது. இப்போது ஏன் இந்தப் பயிற்சிக்குப் போங்கள் என்றும் சொல்கிறேன் என்பதைச் சொல்ல வேண்டும். இரண்டாம் நாள் காலை.

பயிற்சிக்கு மூன்று வாரம் முன்பே ஒரு படிவம் அனுப்பியிருந்தார்கள். 24 விஷயங்கள், ஒவ்வொன்றுக்கும் 5க்கு எத்தனை என்று எனக்கு நானே போட வேண்டும். அதே படிவம் மேலதிகாரிக்கும், சக மேனேஜர்கள் இருவருக்கும், கீழே வேலை பார்க்கிற நால்வருக்கும் தனியாகப் போகும். இதுவரை எல்லாக் கம்பெனியிலும் பண்ணுவதுதான். இவர்கள் கூடுதலாக ஒரு கட்டம் வைத்திருந்தார்கள்: உங்கள் மேலதிகாரி உங்களுக்கு எத்தனை போடுவார் என்று நினைக்கிறீர்கள்? நானும் ஏதோ ஒன்றைப் போட்டு அனுப்பிவிட்டு மறந்துவிட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை காலை 9.30க்கு ஒவ்வொருவருக்கும் ஒட்டிய கவரில் கொடுத்தார்கள். எனக்கு நான் போட்டது சராசரி 3.6. சின்னவர் போடுவார் என்று நான் நினைத்தது 2.9. அவர் போட்டிருந்தது 4.4.

கொஞ்ச நேரம் அந்தத் தாளையே பார்த்துக்கொண்டிருந்தேன். சந்தோஷம் முதலில் வரவில்லை. முதலில் வந்தது, சின்னவர் நல்ல மனுஷன், பார்த்துப் போட்டிருப்பார் என்கிற நினைப்பு. அமெரிக்காவில் எக்ஸ்லி, கெஸ்லர் என்று இரண்டு பொருளாதார ஆய்வாளர்கள் இதைத்தான் சோதித்துப் பார்த்தார்கள். ஒரே மாதிரித் தேர்வு, ஏறக்குறைய ஒரே மாதிரி மார்க், ஆனாலும் எவ்வளவு நன்றாகச் செய்தாய் என்று கேட்டால் பெண்கள் தங்களைக் குறைத்தே சொன்னார்கள், எடுத்த மார்க் இன்னதென்று கையில் கொடுத்த பிறகும்கூட. படித்தபோது அது யாரோ அமெரிக்கப் பெண்கள் என்று நினைத்தேன், கவர் கையில் இருக்கும்போது கணபதிக்காரி நான் அதையே பண்ணுகிறேன்.

இரண்டாவதாக வந்தது கோபம். 4.4 போடுகிற ஆள், இந்த நாலு வருஷத்தில் ஒரு தடவையாவது வாயைத் திறந்து சொல்லியிருக்கலாமே. கிரேடு நாலு வருஷமாக அப்படியே இருக்கிறது. 4.4 வாங்கிக்கொண்டு நான் எந்த நியாயத்தில் அங்கேயே உட்கார்ந்திருக்கிறேன்?

ஹாலில் பார்த்தால் பாதிப் பேர் இதே மாதிரி முழித்துக்கொண்டிருந்தார்கள். கையைத் தூக்கச் சொன்னார்கள், மேலதிகாரி போட்டதைவிடக் குறைவாக எதிர்பார்த்தவர்கள் 28இல் 19 பேர். பயிற்றுநர் அப்போதுதான் நியூ மெக்சிகோ பல்கலைக்கழகத்தின் ஸ்காட் டெய்லர் செய்த ஆய்வைச் சொன்னார், இந்த ஒரு இடத்தில் அவருக்கு முழு மார்க். பெண் மேலாளர்கள் தங்களுக்குத் தாங்கள் போட்டுக்கொள்வது ஆண்களைவிட மோசமில்லை, அடுத்தவர்கள் நம்மை எப்படிப் பார்க்கிறார்கள் என்று ஊகிக்கிற இடத்தில்தான் ரொம்பக் கீழே போய்விடுகிறார்கள். எனக்கு இது சுருக்கென்று பட்டது. என் வேலையைப் பற்றி எனக்குத் தெரியும். என்னைப் பற்றி அவர்கள் என்ன நினைக்கிறார்கள் என்பதுதான் எனக்குத் தெரியாது. தெரியாத இடத்தில் 2.9 என்று நானே நிரப்பிக்கொண்டேன்.

ஏன் தெரியவில்லை என்று யோசித்தால் பதில் பேக்கரியில் இருக்கிறது. கோயமுத்தூர்க்காரர்களுக்கு விளக்க வேண்டியதில்லை, நாலு மணி ஆனால் ஃபேக்டரி வாசலுக்கு எதிரே இருக்கிற பேக்கரியில் ஒரு கூட்டம் நிற்கும், டீ, வெஜ் பப்ஸ், தேங்காய் பன். எங்கள் மார்க்கெட்டிங் மேனேஜர், புரொடக்‌ஷன் மேனேஜர், ஃபோர்மேன் அண்ணன், சில நாள் சின்னவரே கூட. "அந்த கொட்டேஷன் பிரமாதம்ப்பா", "நேத்து பெரியவர் உன்னைப் பத்திப் பேசிட்டிருந்தாரு", "அடுத்த ப்ராஜெக்ட் உனக்குத்தான் வரும்போல". பத்து ரூபாய் டீக்கு ஒவ்வொரு நாளும் ஒருத்தனுக்கு அவனுடைய ரிப்போர்ட் கார்டு கிடைத்துவிடுகிறது. நானும் என் டீமில் இருக்கிற இரண்டு பெண்களும் ஃபிளாஸ்க்கில் வருகிற டீயை மேஜையிலேயே குடித்துவிடுகிறோம். யாரும் வராதே என்று சொன்னதில்லை, வாங்க என்றும் சொன்னதில்லை. 17 வருஷம் ஒரு நாளைக்கு ஒரு டீ என்று கணக்குப் போட்டால் எத்தனை ரிப்போர்ட் கார்டு? அவர்களுக்குக் கான்ஃபிடன்ஸ் எங்கிருந்து வருகிறது, எனக்கு ஏன் வரவில்லை என்பதற்கு இதற்கு மேல் ஆய்வு வேண்டுமா தெரியவில்லை.

வளர்ப்பும் சேர்ந்துகொள்கிறது, அதை மறைக்க வேண்டாம். பத்தாவதில் நான் பள்ளியில் முதல் மார்க். அதை ஒறம்பரையிடம் (உறவுக்காரர்களிடம்) நானே சொன்னபோது, "பீத்தக் கூடாது கண்ணு" என்று அம்மா உள்ளே கூப்பிட்டுச் சொன்னார். மூன்று வருஷம் கழித்துத் தம்பி என்னைவிட 40 மார்க் குறைவாக எடுத்தபோது அப்பா அதைச் சொல்லாத டீக்கடை அந்த ரோட்டில் இல்லை. அவனுக்குச் சொல்ல ஆள் இருந்தது. எனக்கு நானே சொன்னால் பீத்தல்.

எல்லோரும் என்னை மாதிரி இல்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். சரவணம்பட்டி ஐடி கம்பெனியிலிருந்து வந்த ஒரு பெண், எனக்கு 10 வயது இளையவள், தனக்கு 4.7 போட்டிருந்தாள், அவளுடைய மேலதிகாரி போட்டது 3.5. "அவருக்கு என்னைப் புரிஞ்சுக்கிற அளவுக்கு இல்லீங்க்கா" என்று சிரித்துக்கொண்டே கவரை மடித்துப் பையில் வைத்துவிட்டாள். எனக்கு அவளைப் பார்க்கப் பொறாமையாகவும் இருந்தது, இவளிடம் ரோட்டர் டிராயிங்கைக் கொடுக்கலாமா என்று சந்தேகமாகவும் இருந்தது. அந்தச் சந்தேகம் ஒரு ஆண் அப்படிச் சொல்லியிருந்தால் எனக்கு வந்திருக்குமா என்று இப்போது கேட்டால் பதில் சொல்லக் கூச்சமாக இருக்கிறது. 2012இல் அமெரிக்காவில் 127 அறிவியல் பேராசிரியர்களிடம் ஒரே விண்ணப்பத்தைப் பாதிப் பேருக்கு ஜான் என்றும் பாதிப் பேருக்கு ஜெனிஃபர் என்றும் பெயர் போட்டு அனுப்பினார்கள். ஆய்வக மேலாளர் வேலைக்கு ஜானுக்கு 30,238 டாலர் கொடுக்கலாம் என்றார்கள், ஜெனிஃபருக்கு 26,508. பெண் பேராசிரியர்களும் ஜெனிஃபரைக் குறைத்துத்தான் மதிப்பிட்டார்கள். ஆக இந்தக் கண்ணாடி பழுது ஆண்களிடம் மட்டும் இருக்கிறதாக நாம் சொல்லிக்கொண்டு திரிய முடியாது.

என் கவரில் கடைசிப் பக்கத்தில் இருந்ததுதான் எனக்கு உறைத்தது. கீழே வேலை பார்ப்பவர்கள் பெயர் போடாமல் எழுதிய கருத்துகள். ஒன்று: "மேடத்துக்கு எல்லாம் தெரியும். தப்பு பண்ணினா உடனே சொல்லிடுவாங்க. நல்லா பண்ணினா ஒண்ணும் சொல்ல மாட்டாங்க. சொல்லாம இருந்தா நல்லா இருக்குன்னு அர்த்தம்னு நாங்களா நினைச்சுக்குவோம்." பெயர் இல்லாவிட்டாலும் கையெழுத்து மாதிரி நடை தெரிகிறதே, வைண்டிங் பார்க்கிற அந்தப் பெண்தான். பாலி ஒயரில் (பிளாஸ்டிக் உறை சுற்றிய செம்புக் கம்பி) அவள் சுற்றுகிற கம்பிச்சுருள் மாதிரி சுத்தமாக எங்கள் கம்பெனியில் யாரும் சுற்றியதில்லை, இரண்டு வருஷத்தில் அதை நான் அவளிடம் சொன்னதே இல்லை. சின்னவர் எனக்குப் பண்ணியதைத்தான் நான் அவளுக்குப் பண்ணிக்கொண்டிருக்கிறேன். மத்தியானம் அரிசியும்பருப்பும் இறங்கவில்லை, அவ்வளவு நன்றாக இருந்தும்.

அன்று மத்தியானத்துக்கு மேல் நடந்தது சுமார். சம்பளம் பேசுவது எப்படி என்று நாடகம் போட்டார்கள், பெங்களூர் ஐடி கம்பெனிக்குச் சரி, முதலாளியே நேராக எதிரில் உட்கார்ந்திருக்கிற குடும்பக் கம்பெனிக்கு ஒத்துவராது. "மை எக்ஸ்பெக்டேஷன் இஸ்" என்று ஆரம்பித்தால் சின்னவர் எனக்குக் காய்ச்சலா என்று கேட்பார். எப்படிப் பேசுவது என்பதை டீ இடைவேளையில் பெருந்துறை அக்காதான் சொல்லிக் கொடுத்தார்: "திங்கக்கிழமை காலைல போவாதீங்க, டிஸ்பாட்ச் டென்ஷன்ல இருப்பாங்க. புதன்கிழமை போங்க. தாளைக் கொண்டுபோய் முன்னாடி வச்சுட்டு நீங்க பேசாம இருங்க. அவங்களே பேசோணும்." இது 17,110 ரூபாயில் சேருமா, டீயில் சேருமா தெரியவில்லை.

புதன்கிழமை போனேன். வைத்தேன். பேசாமல் இருந்தேன், ரொம்பக் கஷ்டமாக இருந்தது. சின்னவர் தாளைப் பார்த்துவிட்டு, "ஏனுங்க மேடம், 2.9ன்னா போட்டிருக்கீங்க? உங்களுக்கே தெரியுமுன்னு நினைச்சேனுங்க" என்றார். நிஜமாகவே ஆச்சரியப்பட்டார், நடிக்கவில்லை. கிரேடு பற்றிக் கேட்டேன், ஏப்ரலில் பார்க்கலாம் என்றார், ஏப்ரல் என்று எழுதிக்கொடுங்கள் என்றேன், சிரித்துக்கொண்டே மெயில் போட்டார். வந்தால்தான் நிச்சயம். அடுத்த டீலர் மீட்டிங் ஈரோட்டில், மோட்டாரைப் பற்றி நான்தான் பேசப் போகிறேன், அதை மட்டும் அன்றைக்கே முடிவு பண்ணிக்கொண்டு வந்தேன். வைண்டிங் பெண்ணிடமும் சொல்லிவிட்டேன். அவள் என்னவோ நான் வேலையை விட்டுப் போகப் போகிறேன் என்று பயந்துவிட்டாள், அதுதான் இவ்வளவு நாள் சொல்லாததற்குக் கிடைத்த கூலி.

பயிற்சிக்கு அப்புறம் இரண்டு போன் ஆலோசனை உண்டு என்றார்கள். ஒன்று நடந்தது, 40 நிமிஷம், உருப்படியாக இருந்தது. இரண்டாவதை மூன்று தடவை தள்ளிப்போட்டார்கள், இன்னும் நடக்கவில்லை. இதற்காக அரை மார்க் குறைக்கிறேன்.

5க்கு 3 போடுவேன். அந்தக் கவர் மட்டும் தனியாக விற்றால் 5க்கு 5, இரண்டு நாளில் மிச்சமெல்லாம் சேர்த்து 2 தேறினால் அதிகம். காசு கம்பெனி கட்டுவதாக இருந்தால் யோசிக்காமல் போங்கள். சொந்தக் காசு என்றால், முன்கூட்டியே மேலதிகாரியிடமிருந்தும் கீழே உள்ளவர்களிடமிருந்தும் மதிப்பீடு வாங்கித் தருகிறார்களா, அவர் என்ன போடுவார் என்று உங்களை ஊகிக்கச் சொல்கிறார்களா என்று போன் பண்ணிக் கேளுங்கள், இல்லை என்றால் வேண்டாம். மேலதிகாரி படிவத்தை நிரப்பினாரா என்று ஒரு வாரம் முன்பே நினைவுபடுத்துங்கள், எங்கள் பேட்ச்சில் நான்கு பேருக்குக் கவரில் அந்த இடம் காலியாக வந்தது, பாவமாக இருந்தது. சால்வை எடுத்துக்கொள்ளுங்கள். பயிற்சி முழுக்க ஆங்கிலத்தில், நடுநடுவே தமிழ், கல்லூரியில் தமிழ் வழியில் படித்த இரண்டு பேர் முதல் நாள் வாயே திறக்கவில்லை, அவர்களுக்குத் தமிழில் ஒரு பேட்ச் நடத்தினால் பாதிப் பிரச்சினை அங்கேயே தீரும்.

ரசீதைக் கேட்டு வாங்கிச் சரிபாருங்கள். எனக்கு ஒன்பது நாள் கழித்து வந்தது, பெயருக்கு முன்னால் 'திரு' என்று போட்டு. பெண்களுக்கான பயிற்சிக்கு. திருத்தச் சொன்னேன், திருத்தி வந்ததில் 'திருமதி' சரியாக இருந்தது, பெயரில் ஒரு எழுத்தைக் காணோம். எங்கள் அக்கவுன்ட்ஸ் அண்ணன் "போதுங்க மேடம், இதை வச்சே கணக்கு முடிச்சுக்கறேன், விட்டுருங்க" என்றார். மூன்றாவது மெயில் நேற்றுச் சாயங்காலம் அனுப்பிவிட்டுத்தான் பேக்கரிக்குப் போனேன்.